வேலைக்கு வந்த ஊரில் சைக்கிள் மிதிக்க: கன்னியாகுமரி மாவட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நாகர்கோவில்காரன். 15 வருடம் மருந்து விற்பனைப் பிரதிநிதியாகத் தென்மாவட்டங்களைச் சுற்றியிருக்கிறேன். போன ஊரிலெல்லாம் விடிகாலையில் சைக்கிள் ஓட்டிவிட்டுத்தான் டாக்டர்களைப் பார்க்கப் போவேன். அப்போது பழக்கமான நண்பர்கள் இப்போது பேங்க் ஆடிட், காற்றாலை பராமரிப்பு, தேர்வுப் பணி என்று இந்தப் பக்கம் வரும்போது போன் செய்கிறார்கள். அவர்கள் சொல்லி அவர்களுடைய நண்பர்களும் செய்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே போட்டு, என் பதிலையும் எழுதியிருக்கிறேன்.

"மூணு நாள் வேலைக்கு வர்றேன். அதுக்கு சைக்கிளையும் தூக்கிட்டு வரணுமா?"

கொண்டு வாருங்கள். மாவட்டம் மொத்தமே சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்தான். நாகர்கோவிலிலிருந்து தெற்கே அரை மணி நேரம் மிதித்தால் கடல். வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் மிதித்தால் ரப்பர் தோட்டமும் மலையடிவாரமும். நடுவில் வயல், குளம், தென்னந்தோப்பு. மூன்று காலை கிடைத்தால் மூன்று விதமான ரோடு பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு காலைதான் கிடைக்கும், அதற்கு முந்தின இரவும் பதினொரு மணிக்குத்தான் ரூமுக்கு வருவேன் என்றால் வேண்டாம். தூக்கமில்லாமல் புது ஊர் ரோட்டில் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

"ரயில்ல கொண்டு வரலாமா? பஸ் நல்லதா?"

ரயில் என்றால் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து லக்கேஜ் வேனில் ஏற்ற வேண்டும். நாகர்கோவிலிலோ கன்னியாகுமரியிலோ முடிகிற ரயிலாகப் பாருங்கள். கடைசி நிலையம் என்றால் இறக்குவதற்கு நேரம் இருக்கும், நடுவழி நிலையங்களில் அவசர அவசரமாகத் தூக்கிப் போடுவார்கள். சென்னை எழும்பூரிலிருந்து வரும் வந்தே பாரத்தில் லக்கேஜ் வேன் கிடையாது. நாகர்கோவில் சந்திப்பு கோட்டாற்றில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் சைக்கிளிலேயே வந்துவிடலாம்.

ஆம்னி பஸ் டிக்கியும் பரவாயில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, செயின் இருக்கும் பக்கம் மேலே வரும்படி படுக்கவையுங்கள். கூலியை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒருமுறை டிக்கியில் வந்த என் சைக்கிளில் கியர் தொங்கும் கொக்கி வளைந்துபோய், இரண்டு நாள் ஒரே கியரில் ஓட்ட வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து பின்பக்க கியரைச் சுற்றிப் பழைய துண்டு ஒன்றைக் கட்டாமல் ஏற்றுவதில்லை.

"லாட்ஜ்ல ரூமுக்குள்ள விடுவாங்களா?"

ரூம் போடும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். வந்து நின்று கேட்டால் "மேனேஜர் இல்லை" என்பார்கள். டயரைத் துடைத்துத்தான் ஏற்றுவேன், கீழே விரிக்கத் துணி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பழைய கைலி ஒன்று பையில் இருக்கட்டும். ரூமுக்குள் முடியாது என்றால் ஜெனரேட்டர் ரூமோ மாடிப்படி அடியோ கேட்டுப் பாருங்கள். வாசலில் மட்டும் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

இரவு வாட்ச்மேனிடம் ஐந்து மணிக்குக் கிளம்புவேன் என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள். பூட்டிய ஷட்டருக்கு உள்ளே நின்று அவரை எழுப்புவதிலேயே பல காலைகளில் அரை மணி நேரம் போயிருக்கிறது.

"எத்தனை மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்?"

இங்கே சூரிய உதயம் ஜூனில் 6 மணியை ஒட்டி இருக்கும், ஜனவரி கடைசியில் 6.40 ஆகிவிடும். விளக்கு இருந்தால் உதயத்துக்கு அரை மணி முன்பு கிளம்பலாம். ஏழரைக்கு ஸ்கூல் பஸ்கள் இறங்கிவிடும். இங்கே ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், அதனால் உள்ரோட்டில்கூட மஞ்சள் வண்டி வரும். எட்டு மணிக்கு ரூமில் இருப்பது போலத் திட்டமிடுங்கள்.

மாலையில் ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. கடல் காற்று வலுத்திருக்கும், கன்னியாகுமரியில் அஸ்தமனம் பார்த்துவிட்டுத் திரும்பும் வேன்கள் வேகமாக வரும், இருட்டும் சட்டென்று இறங்கும்.

"ஸ்ட்ராவா ஹீட்மேப்ல ஹைவேதான் பளிச்னு தெரியுது. அப்போ எல்லாரும் அதுலதானே ஓட்டுறாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன். ஸ்ட்ராவா என்பது ஓட்டிய வழியைப் போனில் பதிவு செய்யும் ஆப். அதன் ஹீட்மேப் வரைபடம் எங்கே நிறைய பேர் போனார்கள் என்று காட்டும். ஏன் போனார்கள் என்று காட்டாது. ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில்தான் முடிகிறது. காஷ்மீரிலிருந்து குமரி வரை ஓட்டி வருகிறவர்களும், சென்னை, பெங்களூரிலிருந்து வருகிறவர்களும் அந்த வழியாகத்தான் வந்து முடிக்கிறார்கள். கேரளாவிலிருந்து இறங்கி வருபவர்களுக்குக் களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக வரும் 66-ம் எண் நெடுஞ்சாலை. அவர்களுக்கு அது முடிக்க வேண்டிய தூரம். உங்களுக்கு வேண்டியது காலையில் நிம்மதியாக இரண்டு மணி நேரம். இரண்டும் வேறு வேறு தேவை.

உள்ளூர்க்காரர்கள் ஓட்டும் ரோடுகள் வரைபடத்தில் மெல்லிய கோடாகத்தான் இருக்கும், ஏனென்றால் இங்கே ஓட்டுகிறவர்களே குறைவு. பாதிப் பேர் போனில் பதிவு செய்வதும் இல்லை. அதனால் பளிச்சென்ற கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் மங்கலாக, ஆனால் வளையமாகச் சுற்றி வரும் கோட்டைத் தேடுங்கள். ஒருவர் ஒரு இடத்தில் கிளம்பி அதே இடத்துக்குத் திரும்பியிருந்தால் அவர் அநேகமாக அந்த ஊர்க்காரர்.

66-ம் எண் நெடுஞ்சாலையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கல், எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளாவுக்கு அதில் போகின்றன. ரோடு ஒடுக்கம், வளைவும் அதிகம். குறுக்கே கடப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

"அப்போ நல்ல ரோட்டை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

தண்ணீரைப் பிடியுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் சாட்டிலைட் படத்தில் பார்ப்பது தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான். குமரியில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் கால்வாய்களில் பிரிந்து வயலுக்குப் போகிறது. கால்வாயை இங்கே 'சானல்' என்றுதான் சொல்வோம். தோவாளை சானல், அனந்தனாறு சானல், பட்டணங்கால் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக மிக மெல்லிய சரிவில் வெட்டிய வழி அது. பக்கத்து ரோடு மேடும் பள்ளமுமாகப் போகும்போது சானல் கரை மட்டும் மலையின் இடுப்பைச் சுற்றிச் சமமாகப் போகும். பெரிய வண்டி வராது, நிழல் உண்டு. குளத்தங்கரையும் அப்படித்தான்.

அடுத்தது ஊர்ப்பெயர். குமரியில் ஊரின் பெயரே பாதி ரோட்டைச் சொல்லிவிடும். 'விளை' என்று முடிந்தால் மேட்டு நிலத் தோட்டம், அங்கே ஏறித்தான் போக வேண்டும். 'ஏலா' என்றால் வயல். உள்ளே சமதளம், ஆனால் இறங்கவும் ஏறவும் ஒரு சரிவு இருக்கும். 'துறை' என்றால் கடலோ ஆறோ பக்கத்தில். கடலோரத் துறை என்றால் நெருக்கமான வீடுகளும் மீன் வண்டிகளும் இருக்கும், மெதுவாகத்தான் போக முடியும். 'பொற்றை' சின்னப் பாறைக்குன்று. 'பாறை', 'மலை' என்றால் சொல்லவே வேண்டாம். இதை நான் யாரிடமும் படிக்கவில்லை. பல வருடம் மூச்சு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

கடைசியாக, விடிகாலையில் டீக்கடையில் நிற்கும் பேப்பர் போடுகிறவர், பால்காரர், மீன் விற்கிற அண்ணன், இவர்களில் ஒருவரிடம் கேளுங்கள். "அண்ணே, லாரி வராத ரோடு எது?" என்று கேட்க வேண்டும். "நல்ல ரோடு எது?" என்று கேட்டால் ஹைவேயைத்தான் காட்டுவார்கள்.

"சானல் கரை எல்லாத்துலயும் ஓட்டலாமா?"

இல்லை. சில கரைகள் தார் போட்டவை, சில சிமெண்ட், சில வெறும் மண். தார் போட்ட கரையே திடீரென்று ஒரு மதகுக்குப் பிறகு மண்ணாகிவிடும். சாட்டிலைட் படத்தில் கரையின் நிறத்தைப் பாருங்கள். கருப்போ சாம்பலோ தொடர்ச்சியாக இருந்தால் போகலாம், செம்மண் நிறம் தெரிந்தால் மெல்லிய டயர் போட்ட ரோடு பைக் சைக்கிளை இறக்காதீர்கள். இருட்டில் சானல் கரை வேண்டவே வேண்டாம். பல இடத்தில் தடுப்பு கிடையாது. வழக்கமாக ஜூனில் அணையைத் திறந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு சானலில் தண்ணீர் வேகமாகப் போகும்.

இன்னொன்று. கரையில் குளிக்கவும் துவைக்கவும் வருவார்கள். மணி அடித்துக்கொண்டு பாய்ந்து போகாதீர்கள். படித்துறை பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு போய்விடுங்கள். அது அவர்கள் இடம்.

"நாகர்கோவில்ல தங்குறேன். ஒரு மணி நேரம்தான் டைம். எங்க போகலாம்?"

சுசீந்திரம், தேரூர். கோட்டாறு, இடலாக்குடி வழியாக சுசீந்திரம் சுமார் 6 கிலோமீட்டர். தெப்பக்குளத்தையும் கோபுரத்தையும் பார்த்துவிட்டுத் தேரூர் ரோட்டில் திரும்புங்கள். இரு பக்கமும் வயலும் குளமும். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும். தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். வேகம் பார்க்க வேண்டிய வழி இல்லை இது. போன வழியே திரும்பினாலும் சலிக்காது, வெளிச்சம் மாறியிருக்கும்.

தக்கலையில் தங்கினால் பத்மநாபபுரம் கோட்டைக்குள் புகுந்து குமாரகோவில் பக்கம் போங்கள். வேளிமலை அடிவாரம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் தெருக்களில் எந்த நாளும் ஓட்டலாம்.

"ரெண்டரை மணி நேரம் இருந்தா கடற்கரைப் பக்கம் போக முடியுமா?"

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த வளையம் இதுதான். நாகர்கோவிலிலிருந்து பறக்கை, தெங்கம்புதூர் வழியாக மணக்குடி. பழையாறு கடலில் சேரும் இடம். இங்கிருந்த பாலத்தை 2004 சுனாமி உடைத்துப் போட்டது, இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. பாலத்தின் மேல் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல், கட்டுமரங்கள் திரும்பி வரும் நேரம். அங்கிருந்து மேற்கே கடலை ஒட்டி சொத்தவிளை, பள்ளம், சங்குத்துறை. பிறகு வடக்கே திரும்பி ஈத்தாமொழி பக்கமாக நாகர்கோவில். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு உண்டு, அந்த ரோட்டில் போனால் ஏனென்று தெரியும். எல்லாம் சேர்த்து 30 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

இன்னும் நேரம் இருந்தால் ராஜாக்கமங்கலம், கணபதிபுரம் வழியாக முட்டம் வரை நீட்டலாம். கலங்கரை விளக்கமும் பாறைகளும். ஆனால் அப்போது மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கடலோர ரோட்டில் இரண்டு விஷயம் கவனம். காற்று மணலை ரோட்டில் இழுத்துப் போட்டிருக்கும், வளைவில் டயர் வழுக்கும். மீன் வண்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரும் அப்படியே. ரூமுக்கு வந்ததும் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை செயினிலும் போல்ட்டுகளிலும் ஊற்றித் துடைத்து எண்ணெய் போடுங்கள். கடலோரத்தில் ஓட்டிவிட்டு அப்படியே விட்ட செயினில் மறுநாளே துரு பார்த்திருக்கிறேன்.

"காத்து பயங்கரமா அடிக்கும்னு சொல்றாங்களே, உண்மையா?"

உண்மை. ஆடிக்காற்றில் அம்மியும் நகரும் என்ற பழமொழி ஆரல்வாய்மொழியில் நின்றால் மிகையாகத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே இடைவெளி விடுகிறது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து கிழக்கே பாயும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுதான் காரணம்.

அந்த மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து தோவாளை வழியாக ஆரல்வாய்மொழிக்கு 15 கிலோமீட்டர் பறந்து போவீர்கள். நம் கால்தான் நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றும். திரும்பும்போது அதே 15 கிலோமீட்டருக்கு இரட்டிப்பு நேரம். ஒன்பதரை மணி மீட்டிங் உள்ளவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதனால் காற்றுக்கு எதிராகப் போய், காற்றோடு திரும்புங்கள். ஜூன், ஜூலையில் மேற்கே போகும் வழியை முதலில் முடியுங்கள். மேலே சொன்ன கடற்கரை வளையத்தையும் அப்போது தலைகீழாக, சங்குத்துறையில் தொடங்கி மணக்குடியில் முடித்தால் சுகம்.

முப்பந்தல் பக்கம் அகலமான ரோட்டைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். பக்கக் காற்று திடீரென்று தள்ளும். லாரி கடந்து போகும் கணத்தில் காற்று நின்று, லாரி போனதும் மறுபடி அறையும். ஆழமான ரிம் உள்ள சக்கரம் என்றால் ஆனி, ஆடியில் அந்தப் பக்கமே வேண்டாம்.

"எனக்கு வேலை மார்த்தாண்டத்துல. அங்க ஒரே ஏத்த இறக்கமாமே?"

ஆமாம். நாஞ்சில் நாட்டுச் சமவெளி தக்கலையோடு முடிந்துவிடும். அதற்கு மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் நிலம் அலை அலையாக இருக்கும். ஒரு ஏற்றமும் நீளமில்லை, ஆனால் ஒன்று முடிவதற்குள் அடுத்தது. சமவெளி வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். சமவெளியில் மணிக்கு 25 போகிறவர் இங்கே 20 என்று நினைத்துக் கிளம்பினால் நேரத்துக்குத் திரும்பலாம். பின்பக்கம் பெரிய பல்சக்கரம் இருந்தால் முட்டி தப்பிக்கும்.

வழி கேட்டால், ஆற்றூர், திருவட்டாறு வழியாக மாத்தூர் தொட்டிப்பாலம். போய்வர 30 கிலோமீட்டருக்குள் முடியும். பட்டணங்கால் சானலை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பறளியாற்றின் மேலே தூக்கிக்கொண்டு போகிற பாலம் அது. 115 அடி உயரம், 1966-ல் கட்டி முடித்தார்கள். தண்ணீரைப் பிடியுங்கள் என்று சொன்னேன் இல்லையா, அதை ஒரே இடத்தில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இங்கே போங்கள். பாலத்தின் மேல் நடந்துதான் போக வேண்டும். அந்தப் பக்கம் டீக்கு 'சாயா' என்று கேட்கலாம், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

"மலை ஏறணும். பக்கத்துல எது?"

நாகர்கோவிலிலிருந்து என்றால் கீரிப்பாறை. இறச்சகுளம், பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் வழி, ஒரு பக்கம் 25 கிலோமீட்டர் போல. முதல் பாதி வயலும் மலைக்காட்சியும், பின்பாதி ரப்பர் நிழல். விடிகாலையில் தலையில் விளக்குக் கட்டி ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தோட்டத்துக்குள் மின்மினி போல நகர்ந்துகொண்டிருப்பார்கள். கீரிப்பாறைக்கு மேலே காளிகேசம் பக்கம் வனத்துறைச் சோதனைச் சாவடி. அனுமதி இல்லாமல் தாண்டாதீர்கள். யானை நடமாடும் இடம். வெளிச்சம் வந்த பிறகுதான் ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே நுழைய வேண்டும்.

பேச்சிப்பாறை குலசேகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து போனால் ஒரு பக்கமே 40-ஐத் தாண்டும், வேலை நாளில் முடியாது. திருவிதாங்கூர் காலத்தில், 1906-ல் முடிந்த அணை. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திரும்பும் வழியில் திற்பரப்பில் குளிக்கலாம்.

"மழைக்காலத்துல வந்தா ரூம்லயே கிடக்க வேண்டியதுதானா?"

அப்படியில்லை. தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்யும் மாவட்டம் இது. தென்மேற்கு மழை பெரும்பாலும் சாரலாக வரும். கிழக்கே வரவர குறையும். மார்த்தாண்டத்தில் கொட்டும்போது கன்னியாகுமரியில் வெயில் அடிப்பதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் சுசீந்திரம் பக்கம் போங்கள். அக்டோபர், நவம்பர் மழை வேறு. அது கொட்டும், ஏலாக்களில் ரோட்டின் மேல் தண்ணீர் ஏறும். குளம் எது ரோடு எது என்று தெரியாத இடத்தில் இறங்காதீர்கள்.

மழை விட்ட பிறகு ரப்பர் நிழலில் இருக்கும் ரோடுதான் ஆபத்து. வெயில் படாத ரோட்டில் பாசி பிடித்திருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிரும், அதன் மேல் பனி ஈரம். தடிக்காரன்கோணம் தாண்டி ஒரு இறக்கத்தில் அப்படி விழுந்து தோள்பட்டை எலும்பு விலகி, ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள்.

"நாய்த் தொல்லை?"

மீன் சந்தை, கோழிக்கடை பக்கம் உண்டு. நிறுத்தி இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஓட ஓடத்தான் துரத்தும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போடுங்கள். மீட்டிங் காத்திருக்கட்டும்.

"நான் பெண், தனியா வர்றேன். ஓட்டலாமா?"

இதை என் மனைவியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவளும் அவள் தோழிகளும் வாரத்தில் மூன்று நாள் ஓட்டுகிறார்கள். அவள் சொன்னது: வயல் ரோடும் ஊருக்குள் போகும் ரோடும் பரவாயில்லை, ஐந்தரைக்கே கோவிலுக்கும் சர்ச்சுக்கும் பால் வாங்கவும் பெண்கள் நடமாடுவார்கள். ரப்பர் தோட்டமும் ஆள் இல்லாத கடற்கரையும் தனியாக வேண்டாம், அங்கே ஏதாவது என்றால் போன் சிக்னலே கிடைக்காது. வழியை வீட்டிலோ ஆபீஸிலோ ஒருவருக்கு நேரலை இடமாக அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். முதல் நாள் தேரூர் வழி நல்லது என்பது அவள் கருத்து.

"பஞ்சர் ஆனா கடை கிடைக்குமா?"

பஞ்சர் கடை நிறைய, ஆனால் காலை ஒன்பதுக்கு முன்னால் திறக்காது. மெல்லிய வால்வுள்ள ரோடு பைக் டியூபுக்கு அவர்களுடைய பம்ப் பொருந்தாது. அதற்கான பித்தளை அடாப்டர் ஒன்று, டியூப் இரண்டு, கைப்பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். டயர் 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகலத்தில் போடுங்கள். இங்கே வேகத்தடை அதிகம், பெயிண்ட் அடிக்காததும் உண்டு.

"காலையில என்ன சாப்பிட்டுட்டுக் கிளம்புறது?"

மட்டிப்பழம். சின்னதாக, மணமாக இருக்கும், முதுகுப் பாக்கெட்டில் நான்கு அடங்கும். 2023-ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பொட்டலம் பொட்டலமாக எனர்ஜி ஜெல் கொண்டு வருகிறவர்கள் அதை ரூமில் வைத்துவிட்டுப் போகலாம். பனை சீசனில் ரோட்டோரத்தில் அக்கானி கிடைக்கும். மற்ற ஊரில் பதநீர் என்பது இங்கே அக்கானி. திரும்பி வந்ததும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். ஓட்டும் முன்பு அதைச் சாப்பிடாதீர்கள், வயிறு கனக்கும்.

"ஞாயித்துக்கிழமை முழு நாள் ஃப்ரீ. ஒரு நீளமான வழி சொல்லுங்க."

சிவாலய ஓட்ட வழி. மகா சிவராத்திரிக்கு விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு "கோவிந்தா, கோபாலா" என்று சொல்லிக்கொண்டு பக்தர்கள் ஓடுவார்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு போய்த் திருநட்டாலத்தில் முடியும். சுமார் 100 கிலோமீட்டர். கால்நடையாக ஓடுகிறவர்களுக்காக அமைந்த வழி என்பதால் பெரும்பகுதி உள்ரோடு. முடியும் இடம் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது. ஒரு சைக்கிள்காரன் உட்கார்ந்து யோசித்துப் போட்டாலும் இதைவிட நல்ல வளையம் போட முடியாது.

மார்த்தாண்டத்தில் சொன்ன ஏற்ற இறக்கம் நாள் முழுக்க இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிவராத்திரி அன்றும் அதற்கு முந்தின நாளும் போகாதீர்கள், அப்போது ரோடு ஓடுகிறவர்களுடையது. பாதியில் நிறுத்த வேண்டுமென்றால் கல்குளம் கோவில் பத்மநாபபுரத்தில்தான் இருக்கிறது, தக்கலை பக்கத்திலேயே.

"மேப் வழி காட்டுது, ஆனா உள்ளூர்க்காரர் 'அந்தப் பக்கம் போகாதீங்க'ங்கிறார். யாரை நம்புறது?"

ஏன் வேண்டாம் என்று கேளுங்கள், பதிலில் தெரிந்துவிடும். "ரோடு மோசம்", "ஒண்ணும் இருக்காது, வெறும் காடு" என்றால் அவர் காரையும் பைக்கையும் மனதில் வைத்துச் சொல்கிறார். நமக்கு அது நல்ல ரோடாகவே இருக்கலாம். "ஆனை இறங்கியிருக்கு", "பாலம் வேலை நடக்குது", "கோவில் கொடை, ரோட்டை மறிச்சிருக்கு" என்றால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள். மாசியில் மண்டைக்காடு கொடை (கோவில் திருவிழாவை இங்கே கொடை என்போம்), டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர். இந்த நாட்களில் அந்தந்த ஊரைச் சுற்றி எந்த மேப்பும் சரியாகச் சொல்லாது.

"வழி தப்பிட்டேன், மீட்டிங்குக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு. என்ன பண்றது?"

பதறாதீர்கள். கடலோரத்தில் இருந்தால் வடக்கே போகும் எந்தப் பெரிய ரோட்டிலும் திரும்புங்கள், கிழக்கே நாகர்கோவில் ரோடோ மேற்கே 66-ம் எண் நெடுஞ்சாலையோ வந்துவிடும். மலைப்பக்கம் இருந்தால் தெற்கே இறங்குங்கள். பஸ் போகும் ரோட்டைப் பிடித்தால் பாதி கவலை தீர்ந்தது.

நேரம் ரொம்பக் குறைவு என்றால் குட்டியானை எனும் சின்ன லோடு வண்டி ஒன்றைப் பிடித்துச் சைக்கிளைப் பின்னால் ஏற்றிவிடுங்கள். ஆட்டோவிலும் முன்சக்கரத்தைக் கழற்றினால் நுழையும். பாக்கெட்டில் எப்போதும் 500 ரூபாய் நோட்டு ஒன்று இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது.

"அடுத்த மாசம் தென்காசிக்கு மாத்திட்டாங்க. நீங்க சொன்ன வழி கண்டுபிடிக்கிற முறை அங்கயும் செல்லுமா?"

செல்லும். தஞ்சாவூரில் கல்லணைக் கால்வாயை வைத்து வழி கண்டுபிடித்ததும் இப்படித்தான். தென்காசியைச் சுற்றிக் குளங்கள் ஏராளம், இலஞ்சி பக்கத்திலிருந்து குளத்தங்கரைகளாகப் பார்த்துக் கோர்த்துக்கொண்டு வாருங்கள். குற்றால சீசன் நேரத்தில் அருவி ரோட்டை விட்டுவிடுங்கள், வண்டி நெரியும். அங்கேயும் செங்கோட்டைப் பக்கம் மலையில் இடைவெளி உண்டு, ஜூன், ஜூலையில் காற்று அதன் வழியாக மேற்கிலிருந்து வரும். அதனால் முதலில் செங்கோட்டைப் பக்கமாகக் கஷ்டப்பட்டு மிதித்துவிட்டு, தென்காசிக்குக் காற்றோடு இறங்குங்கள்.